வாசலில் மலர்ந்தவை: இல்லத்தில் பூ வைத்த வழக்கத்தின் வரலாறு

திருவிழாக் காலங்களில் ஆலயங்கள் வெளியிடும் நூலுக்குத் தமிழர் 'மலர்' என்று பெயரிட்டுள்ளனர். விழா மலர், குடமுழுக்கு மலர், வெள்ளிவிழா மலர் என வழங்கும் இப்பெயரை எவரும் விந்தையாகக் கருதுவதில்லை. வாழ்த்துரைகளும் கட்டுரைகளும் விளம்பரங்களும் அடங்கிய ஒரு புத்தகத்தைப் பூவாகக் காணும் மனம் வேறு எத்தனை இனத்தாருக்கு உண்டு என்பது ஆராயத்தக்கது. பூசை என்னும் சொல்லே 'பூ' என்பதிலிருந்து பிறந்தது எனக் கருதும் மொழியறிஞர் உளர். அதனை ஏலாதாரும் உளர். சொல்லின் பிறப்பு எவ்வாறாயினும், பூவின்றிப் பூசை இல்லை என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆயினும் பூவைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆலயத்துப் பூவைப் பற்றியே எழுதுகின்றனர். வீட்டு மாடத்தில், விளக்கடியில், வாசற்கோலத்தின் நடுவில், ஒரு செம்பிலோ தட்டிலோ அன்றன்று மலர்ந்ததை எடுத்து வைத்த பூவுக்கு வரலாறு எழுதியவர் மிகக் குறைவு. காரணம் எளிது. ஆலயத்துப் பூவுக்கு விதி உண்டு; விதி உள்ள இடத்தில் ஏடும் கல்வெட்டும் உண்டு. வீட்டுப் பூவுக்கு விதி இல்லை; ஆதலால் ஏடும் இல்லை. அதன் வரலாற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பொறுக்கி எடுக்க வேண்டியுள்ளது.

கோயிற் பூவும் வீட்டுப் பூவும்

கோயிற் பூவின் வரலாறு பெருமிதம் மிக்கது. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார், கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூக்களையும் வைகறையில் எழுந்து கொய்து, வேளைக்கு ஏற்ற மாலைகளாகத் தொடுத்து இறைவனுக்குச் சாத்தியதைப் பெரிய புராணம் கூறுகிறது. கண்ணி, பிணையல், தொடையல், இண்டை, தாமம் எனத் தொடுக்கும் முறைக்கொரு பெயர் இருந்தது. வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்தார். திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் அதே பணியைச் செய்தார். சோழர் காலக் கல்வெட்டுகள் திருநந்தவனத்திற்கு நிலம் விட்டதையும், அங்குப் பூப்பறிப்போர்க்கும் மாலை தொடுப்போர்க்கும் நெல் அளந்ததையும் குறிப்பிடுகின்றன. எந்தத் தெய்வத்திற்கு எந்தப் பூ ஆகும், எது ஆகாது என்பதையும் நூல்கள் வரையறுத்தன. பிரமனுக்காகப் பொய்ச்சான்று கூறிய தாழம்பூவைச் சிவபூசையிலிருந்து விலக்கிய கதையைச் சிறுவரும் அறிவர்.

இத்தகைய கட்டுப்பாடு வீட்டில் இருந்ததில்லை. அங்கே பறித்தவள் கைக்கு எட்டியதே பூ. இரண்டு செம்பருத்தி கிடைத்தால் இரண்டு. ஒரு கைப்பிடி நந்தியாவட்டை உதிர்ந்து கிடந்தால் அதுவும் போதும். எண்ணிக்கையோ நிற ஒழுங்கோ எவரும் கேட்டதில்லை. இதனைக் கலை என்று அவர்களே கருதவில்லை. கலை என்று கருதப்படாமலே இரண்டாயிரம் ஆண்டுகள் நீடித்திருப்பதுதான் இவ்வழக்கத்தின் சிறப்பு.

நக்கீரர் காட்டும் ஒரு மாலைப்பொழுது

வீட்டில் பூ வைத்தமைக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று பத்துப்பாட்டில் உள்ளது. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை கூதிர்க்காலத்து ஓர் ஊரை விரித்துரைக்கிறது. மழை ஓயாது தூறுகிறது, வாடை வீசுகிறது, வானம் மூடிக் கிடப்பதால் பகல் எது, மாலை எது என்று தெரியவில்லை. அவ்வூர்ப் பெண்கள் பிச்சி மலரின் பசுங்காம்புடைய அரும்புகளைப் பறித்துப் பிடகையில், அதாவது பூந்தட்டில், இட்டு வைத்திருக்கின்றனர். அரும்புகள் இதழ் விரிந்து மணம் கமழ்கின்றன. அம்மணத்தைக் கொண்டு மாலை வந்துவிட்டது என அறிந்து, இரும்பு விளக்கில் திரியிட்டு ஏற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர்.

இக்காட்சியைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். அப்பெண்கள் பூவை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. கடிகாரமாகவும் வைத்தனர். மலர்ந்த பூவைப் பறிக்காமல் மலரப்போகும் அரும்பைப் பறித்து, வீட்டினுள்ளே மலரவிட்டனர். அக்காலத்துக்கு எந்தப் பூ உரியதோ அந்தப் பூவையே வைத்தனர். தட்டில் அடுக்கியதாகப் புலவர் கூறவில்லை. இட்டு வைத்ததாகவே கூறுகிறார். இன்றைக்கும் தமிழ் வீடுகளில் அந்தி விளக்கேற்றும் நேரத்தில் ஒரு பூவை விளக்கடியில் வைப்பதைக் காணும்போது, அப்பாட்டுக்கும் அவ்வீட்டுக்கும் இடையே நூற்றாண்டுகள் பல கழிந்தன என்பதை நம்புதல் கடினம்.

பூவின் பருவத்தை நுணுகி அறிந்தவர் தமிழர். அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என ஒரு பூவின் வாழ்நாளுக்கே இத்தனை சொற்கள் அமைந்துள்ளன. உதிர்ந்த பூவுக்கும் வாடிய பூவுக்கும் கூடத் தனிப்பெயர் வைத்த மொழி இது. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என அங்கங்கே பூத்ததைக் கொண்டு பிரித்தனர். ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாக வகுத்தனர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்து வந்து பாறைமேல் குவிக்கும் பூக்களின் எண்ணிக்கை 99. இப்பெயர்கள் நம் கைக்கு வந்து சேர்ந்ததே ஒரு நற்பேறு. பத்துப்பாட்டை 1889-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏடுகளில் இப்பகுதி சிதைந்திருக்கக் கண்டு வருந்தி, ஆதீன மடம் ஒன்றின் சுவடிகளைத் தேடிச் சென்று விடுபட்ட பெயர்களை மீட்டார். அவர் அலைந்திராவிடில் அப்பாறைமேல் இருந்த பூக்களுள் பல பெயரின்றியே போயிருக்கும்.

கப்பலேறி வந்த பூக்கள்

சங்கப் பாடல்களைப் படித்துவிட்டு, இன்று வீட்டில் வைக்கும் பூவெல்லாம் பழந்தமிழ்ப் பூக்களே என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. மல்லிகை, முல்லை, தாமரை, செண்பகம், மகிழம்பூ, அலரி முதலியவை பழையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மாலைக்கடைகளில் குவிந்து கிடக்கும் செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ. துலுக்கச் செவ்வந்தி என்று அதற்கு வழங்கும் மற்றொரு பெயரே அது வெளியிலிருந்து வந்ததைக் காட்டிக் கொடுக்கிறது. நிலச்சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்ததே. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவுக்கு உரியது. அந்திமந்தாரை தென்னமெரிக்கப் பெரு நாட்டிலிருந்து பரவியது. காகிதப்பூவை ஐரோப்பிய அறிவியலார் அறிந்தது 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பூகன்வில் என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் பயணத்தில், பிரேசில் கரையில். அதன் ஆங்கிலப் பெயர் அவருடைய பெயரே.

ஈழத்தலரியின் கதை நகைச்சுவை மிக்கது. தமிழர் அதனை ஈழத்திலிருந்து வந்த அலரி என்று எண்ணி அவ்வாறு பெயரிட்டனர். மலாய்க்காரர் கம்போடியாவிலிருந்து வந்ததாக எண்ணிக் 'கெம்போஜா' என்றனர். இரண்டும் தவறு, அதுவும் நடு அமெரிக்காவின் மரமே. வந்த வழியை ஊரென்று நினைத்துக் கொள்வது மனித இயல்பு போலும்.

எல்லாவற்றினும் வியப்பைத் தருவது மார்கழிக் கோலத்தின் பூ. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாண உருண்டையில் மஞ்சள் நிறப் பறங்கிப்பூவைச் செருகி நடுவே வைக்கும் வழக்கம் தொன்றுதொட்டு வருவது என்றே தோன்றும். ஆனால் பறங்கி என்பது போர்த்துகீசியரையும் பிற ஐரோப்பியரையும் தமிழர் அழைத்த பெயர். பறங்கிக் கொடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் காலத்தில் வந்ததால் அப்பெயர் பெற்றது. அதற்கு முன்னர் வாசலில் என்ன பூ வைத்தனரோ, அதன் இடத்தைப் பறங்கிப்பூ ஓசையின்றி எடுத்துக் கொண்டது. எவரும் தடுக்கவில்லை, ஏனெனில் வாசற்பூவுக்கு ஆகமம் இல்லை. மார்கழியில் வேலியில் நிறையப் பூத்தது எதுவோ, அதுவே மார்கழிப் பூவாயிற்று.

மலாக்காவின் பங்கு

பறங்கியர் என்றதும் மலாக்காவை நினையாமல் இருத்தல் இயலாது. 1511-இல் அல்புகெர்க்கே தலைமையில் போர்த்துகீசியர் இந்நகரைக் கைப்பற்றியபோது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர் இங்கு ஏற்கெனவே செல்வாக்குடன் வாழ்ந்து வந்தனர். 1641-இல் டச்சுக்காரரும், 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரிட்டிஷாரும் ஆட்சிக்கு வந்தனர். மசாலையும் துணியும் ஏறி இறங்கிய அதே துறைமுகங்கள் வழியாகத்தான் விதைகளும் கிழங்குகளும் ஆசியாவெங்கும் பரவின.

அவ்வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் மலாய்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, மலாய் உடையை ஏற்று, சைவ சமயத்தை விடாது காத்து வருகின்றனர். டச்சுக்காரர் காலத்தில் 1781-இல் எழுப்பப்பட்ட பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அவர்களுடைய பற்றுக்குச் சான்று. காஜா பேராங் பகுதியிலுள்ள அவர்தம் கம்பத்தில், வாயிலில் மாவிலைத் தோரணமும், உள்ளே முன்னோர்க்குப் படைக்கும் வழிபாடும் இன்றும் காணத்தக்கவை. மொழி மாறிய பின்னரும் தோரணம் மாறவில்லை.

அண்டை வீட்டார் பூவைக் கையாண்ட முறையும் இங்குத் தமிழர்க்குப் புதிதாய்த் தோன்றியிராது. மலாய்க்காரர் திருமண வீடுகளில் ரம்பை இலையை மெல்லிய இழைகளாக அரிந்து, மல்லிகை, ரோஜா, கெனாங்கா முதலியவற்றோடு கலந்து வைப்பர். இதற்குப் 'புங்கா ரம்பாய்' என்று பெயர். (இவ்வூரின் பெயரிலுள்ள ரம்பாய் வேறு, அது கொத்துக் கொத்தாய்ச் சரம் தொங்கும் பழமரம்.) அந்த ரம்பை இலை தாழையின் நெருங்கிய உறவு என்பதை நினைத்தால், சிவபூசையில் விலக்கப்பட்ட குடும்பம் இங்கே மணப்பந்தலில் இடம்பெற்றது தெரியவரும். நெய்தல் நிலத்துக்கு இரு சமூகமும் தந்த மரியாதை அது. பாபா நோன்யா சமூகத்தாரோ சங்குப்பூவை அடுக்களைக்கே கொண்டு சென்றனர். அவர்கள் ஆக்கும் புளுட் பலகாரத்தின் நீலம் சங்குப்பூவைப் பிழிந்த சாறு. தமிழ் வீட்டில் விளக்கடியில் இருந்த பூ, நோன்யா வீட்டில் தட்டில் ஏறியது.

லயத்து வாசல்

மலாக்காவில் தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறியது வணிகத்தால் அன்று, ரப்பரால். 1896-இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டது முதல், ஜாசின் மாவட்டத்தின் காடுகள் ஒவ்வொன்றாகத் தோட்டங்களாயின. கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள்சேர்த்து வந்தனர். 1938-இல் இந்திய அரசு அதனைத் தடைசெய்யும் வரை மக்கள் வந்து கொண்டேயிருந்தனர். ஜொகூர் எல்லையை ஒட்டி, மெர்லிமாவுக்கும் மூவாருக்கும் இடையே அமைந்த சுங்கை ரம்பாய் வட்டாரமும், கடற்கரைத் தென்னையும் உள்நாட்டு ரப்பரும் சூழ, அவ்வாறே உருப்பெற்றது.

லயத்து வீட்டில் இடம் குறைவு; பூவுக்கென்று மேசை இல்லை; சுவரில் ஒரு பலகை, அதன்மேல் சாமிப்படம். ஆனால் வாசல் இருந்தது. வாசலுக்கு முன்னே நான்கடி மண் இருந்தது. அந்த நான்கடியில் முருங்கையும் கறிவேப்பிலையும் துளசியும் நின்றன. அவற்றின் அடியில் நித்தியகல்யாணியும் காசித்தும்பையும் அந்திமந்தாரையும் பூத்தன. வேலியோரம் செம்பருத்தி. வாய்க்காற்கரையில் வெட்சி, இதனை இட்லிப்பூ என்றே பிள்ளைகள் அறிவர். ஆநிரை கவரச் சென்ற பழந்தமிழ் வீரர் தலையில் சூடிய பூ, தோட்டத்துப் பிள்ளைகள் தேன் உறிஞ்சிவிட்டு எறியும் பூவாயிற்று. அதனால் பூவுக்கு ஒரு குறையும் இல்லை.

இவற்றை வீட்டினுள் வைக்க என்ன கலம் இருந்தது? பித்தளைச் செம்பு வைத்திருந்தோர் சிலர். மற்றையோர்க்குக் குறிப்பால் பெற்ற டின்பால் குவளையே பூச்சாடி. ரப்பர்ப் பால் சேர்த்த மங்கும் பயன்பட்டது. விளிம்பு உடைந்து வேலைக்கு உதவாத மங்கில் நீர் வார்த்து இரண்டு செம்பருத்தியை மிதக்கவிட்டால், எண்ணெய் விளக்கின் ஒளி அந்நீரில் இரட்டிக்கும். இன்று நட்சத்திர உணவகங்களின் வாயிலில் பெரிய வெண்கல உருளியில் பூ மிதப்பதைக் கண்டு வியப்போர், உடைந்த மங்கையும் நினைத்துக் கொள்ளலாம்.

தோட்டத்துப் பெண் எழுவது விடியலுக்கு முன். பெரட்டுக்கு ஓட வேண்டும். பால் எடுத்து, நிறுத்து, வீடு திரும்பிக் குளித்து முடிக்கையில் பிற்பகல் ஆகிவிடும். காலைப்பூவைப் பறிக்க அவளுக்குப் பொழுது ஏது? அந்திமந்தாரை அவளுக்காகவே கப்பலேறி வந்தது போலும். பெரு நாட்டின் அச்செடி மாலை நான்கு மணியளவில்தான் இதழ் விரிக்கும். மலாய்மொழியில் அதன் பெயரே 'புங்கா புக்குல் அம்பாட்', நான்குமணிப் பூ. அது விரிந்ததும் அடுப்பு மூட்டலாம். மணம் வந்ததும் விளக்கேற்றலாம். நக்கீரர் கண்ட பெண்கள் பிச்சியரும்பைக் கொண்டு செய்ததையே, அப்பாட்டைக் கேட்டிராத பெண்கள், அப்புலவர் கண்டிராத பூவைக் கொண்டு செய்தனர். இலக்கியம் அறிந்து செய்தது அன்று. தேவை அறிந்து செய்தது.

ஒழுங்கின்மையின் ஒழுங்கு

இங்ஙனம் கிடைத்த பூவைக் கிடைத்த கலத்தில் இட்டு வைப்பதை நாகரிகக் குறைவு என்று நினைத்தோர் உண்டு. துரை பங்களாவில் வெட்டப்பட்ட பூக்கள் கண்ணாடிச் சாடியில் உயர வரிசையாய் நின்றதைக் கண்ட கண்களுக்கு, மங்கில் மிதந்த செம்பருத்தி எளிதாய்த் தோன்றியிருக்கலாம். ஆனால் உலகில் பூவை வைப்பதையே பெருங்கலையாக வளர்த்த நாட்டின் வரலாறு வேறு கதை கூறுகிறது.

ஜப்பானியரின் பூக்கலை புத்த பெருமானின் திருமுன் பூ வைத்ததிலிருந்து தொடங்கியது. கியோட்டோ நகரின் ரொக்காக்குதோ கோயிலைச் சார்ந்த இக்கெனோபோ மரபினர் அதனை வளர்த்தனர்; 1462-ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் அம்மரபைச் சேர்ந்த சென்கெய் என்னும் துறவியின் திறம் பேசப்படுகிறது. கோயிலில் பிறந்த அக்கலை நாளடைவில் பல விதிகளைச் சுமந்து, மலையையும் அருவியையும் ஒரே சாடியில் காட்டும் பெரும் அடுக்காயிற்று. அதற்கு மறுப்பாகவே 'நகேயிரே' என்னும் முறை எழுந்தது. அச்சொல்லின் பொருள், எறிந்து இடுதல். தேநீர்ச் சடங்கின் ஆசானாகிய சென் நோ ரிக்கியு (1522 - 1591), பூவை அது வயலில் இருந்தவாறே வைக்க வேண்டும் என்று தம் மாணாக்கர்க்குப் போதித்தார். அவருடைய தோட்டத்தில் காலைநேரப் பூக்கள் கொடி நிறையப் பூத்திருப்பதைக் கேள்வியுற்று ஆட்சியாளர் ஹிதெயோஷி காண வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை. சினத்துடன் உள்ளே நுழைந்தவர், தேநீர் அறையில் ஒரே ஒரு பூ வைக்கப்பட்டிருக்கக் கண்டார் என்பது அங்கு வழங்கும் கதை.

இங்கிலாந்திலும் இத்தகைய திருப்பம் நேர்ந்தது. கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை (1886 - 1960) என்னும் அம்மையார், செல்வர் வீட்டு வரவேற்பறைகளில் வேலியோரப் பூக்களையும் கோசு இலைகளையும் அடுக்களைக் கலங்களில் வைத்துக் காட்டினார். முதலில் நகைத்தவர்கள் பின்னர் அவரையே நாடினர். 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு மலரலங்காரம் செய்யும் பொறுப்பும் அவருக்குக் கிட்டியது. ரிக்கியுவும் ஸ்ப்ரை அம்மையாரும் விதிகளைக் கற்றுத் தேர்ந்தபின் அவற்றைக் கைவிட்டு அடைந்த எளிமை லயத்து வாசலில் முன்பே இருந்தது. ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது: அவர்கள் எளிமையைத் தேர்ந்தெடுத்தனர், தோட்டத்துப் பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை.

வாசலை இழந்த பின்னர்

விடுதலைக்கு முன்னும் பின்னுமாக நாட்டில் தோட்டத் துண்டாடல் பரவியது. பெருந்தோட்டங்கள் கூறுபோடப்பட்டு விற்கப்பட, தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அதனைத் தடுக்கும் நோக்கில் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். மக்கள் பட்டணங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பெயர்ந்தனர். லயங்கள் இடிக்கப்பட்ட இடங்களில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே, ஒரு முருங்கையோ செம்பருத்திப் புதரோ நிற்பதைக் கண்டால் அங்கே தமிழர் வாழ்ந்தனர் என்று அறிந்து கொள்ளலாம்.

புதிய வீட்டில் வாசல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சிமெண்டு. அடுக்குமாடியில் அதுவும் இல்லை. பூ கடையிலிருந்து வரலாயிற்று. கேமரன் மலையின் குளிரில் விளையும் சாமந்தி லாரிகளில் இறங்குகிறது. மதுரையும் நிலக்கோட்டையும் தோவாளையும் தமிழகத்தின் பெரிய பூச்சந்தைகள். அங்கிருந்து மல்லிகை விமானமேறி வருகிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலயங்களுக்கு இவை பேருதவி. நாள்தோறும் மாலை சாத்த வேண்டிய கோயில், வேலியோரப் பூவை நம்பியிருத்தல் இயலாது. ஆனால் வீடு கோயில் அன்று. விலை கொடுத்து வாங்கினால்தான் பூ என்ற எண்ணம் வீட்டிலும் புகுந்தபோது, விலையேறும் விழாக் காலங்களில் பூவே இல்லாத வீடுகளும், கழுவி வைக்கும் நெகிழிப் பூ நிரந்தரமாக நிற்கும் வீடுகளும் தோன்றின. வாடாத பூவுக்குப் பருவம் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அது ஒரே முகம் காட்டும்.

இந்நாட்டின் பருவம்

இங்கே ஒரு கேள்வி எழும். ஆறு பருவங்களைப் பாடிய மரபினர், ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இந்நாட்டில் எதனைப் பருவப்பூ என்பது? எல்லாம் எப்போதும் பூக்கின்றனவே?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். செம்பருத்தி பூக்காத நாள் இல்லை. 1958-இல் தேசிய மலரைத் தெரிவு செய்ய முனைந்தபோது முன்மொழியப்பட்டவை செம்பருத்தி, கெனாங்கா, மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ ஆகிய ஏழு. கெனாங்கா ஒன்றனைத் தவிர ஏனைய ஆறும் தமிழ் வீட்டுப் பூசைத்தட்டில் இடம்பெறுபவை என்பது மகிழ்ச்சிக்குரிய பொருத்தம். 1960-இல் துங்கு அப்துல் ரஹ்மான் காலத்தில் செம்பருத்தி 'புங்கா ராயா'வாக அரியணை ஏறியது.

ஆனால் கூர்ந்து நோக்கினால் இந்நாட்டுக்கும் பருவம் உண்டு. அது மாதக் கணக்கில் வருவதில்லை. மழைக் கணக்கில் வருகிறது. ரப்பர் மரத்தில் பால்வெட்டியோர் அதனை நன்கறிவர். ஆண்டின் தொடக்க மாதங்களில் காடே இலையுதிர்த்து, பின் தளிரோடு சேர்ந்து சிறு மஞ்சள் பூக்கள் கொத்தாய் வரும்போது, தோட்டம் முழுதும் இனிய மணம் பரவும். எவரும் அதைப் பறித்து வைத்ததில்லை. மூச்சோடு வீட்டுக்குள் வந்தது.

சாலையோர அங்சானா மரமும் அத்தகையதே. வறண்ட நாள்களுக்குப்பின் மழை பெய்தால், சில நாள்களில் ஒரே காலையில் மரமெல்லாம் பொன்னிறமாகி, மறுநாள் தரையெல்லாம் பொன்னிறமாகும். அறிஞர் கார்னர் 1940-இல் வெளியிட்ட மலாயாச் சாலைமரங்கள் பற்றிய நூலில் இடம்பெறும் இம்மரம், குறிஞ்சி நிலத்து வேங்கையின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே பேரினம். வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் பாறையைப் புலிக்குட்டி என மயங்கியதாகப் பாடிய புலவர்கள் மலாக்காவின் தார்ச்சாலையைக் கண்டிருந்தால் என்ன பாடியிருப்பரோ!

குறுந்தொகையில் ஒரு தோழி, காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார்காலம் என நம்பிப் பூத்துவிட்ட கொன்றையைப் பேதை எனப் பழிக்கிறாள். தலைவன் வருவதாகச் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை என்று தலைவியைத் தேற்றுவதற்காக அவ்வாறு கூறுகிறாள். இந்நாட்டு மரங்களை அவள் கண்டால் அனைத்தையும் பேதை என்றே கூறியிருப்பாள். ஏனெனில் இங்குப் பெய்யும் ஒவ்வொரு பெருமழையும் ஒரு கார்காலமே.

அதற்கு மிகச் சிறந்த சான்று புறா ஆர்க்கிட். மலாய்மொழியில் 'அங்ரேக் மெர்பாத்தி'. சாலையோர மரங்களிலும் பழமரங்களின் கிளைகளிலும் தானே ஒட்டி வளரும் இச்செடி, மற்ற நாள்களில் ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை. திடீர்ப் பெருமழையால் வெப்பம் சட்டெனத் தணிந்தால், அதன் அரும்புகள் விழித்துக் கொள்கின்றன. அன்றிலிருந்து ஒன்பதாம் நாள், அவ்வட்டாரத்துச் செடிகள் அனைத்தும் ஒருங்கே மலர்கின்றன. பறக்கும் புறாவின் வடிவில் வெண்ணிறப் பூக்கள், நறுமணம். அன்று மாலையே வாடத் தொடங்கிவிடும். ஒருநாள் மட்டுமே வாழும் இப்பூவைக் கேமரன் மலையிலிருந்து லாரியில் ஏற்ற இயலாது. சந்தையில் விற்கவும் இயலாது. பெருமழை பெய்த நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, ஒன்பதாம் நாட்காலை வாசல் மரத்தை அண்ணாந்து பார்க்கும் வீட்டில் மட்டுமே அது ஒரு குவளை நீரில் இருக்கும்.